கடைமடை வானம்

மன்னார்குடியில், பாமணி ஆற்றுப் பாலம் தாண்டி,
முகூர்த்தம் இல்லாத மூன்று நாளுக்கு
வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம்.
பந்தி மேசைகள்மேல் பதினொரு கணினி.
திரைக்குப் பதில் கட்டிய எட்டு முழ வேட்டியில்
பத்து வருடம் கழித்து வரப்போகும்
ஒரு காலை ஆறு மணி.

சோதிக்க வந்தது ஓர் எண்ணத்தை.
நானூறு அடிக்குக் கீழே கிடக்கும் காற்றை
யாருக்கு, எப்போது, எத்தனை நிமிடம் என்று
பங்கு பிரித்துத் தரும் எண்ணம்.
பெயர் வைக்கவில்லை.
கோப்பில் அது பதிப்பு 0.6.

அமலதாஸ் திருச்சி கோபுரத்திலிருந்து வந்தவர்.
ஷார்ஜா, கொழும்பு, சிங்கப்பூர் என்று
இருபத்திரண்டு வருடம்
குரலாலேயே இறக்கி வைத்தவர்.
இங்கே அவருக்குக் குரல் இல்லை.
புள்ளிகள் தாமே பேசித் தீர்த்துக்கொள்ளும்;
தீராவிட்டால் மட்டும் அவர் கை நுழையலாம்.
மண்டைக்குள் எவ்வளவு பாரம் என்று
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
ஒன்று முதல் ஐந்துக்குள் அமுக்க வேண்டும்.
ஐந்தை அமுக்கினார்.
திரையில் அப்போது ஒன்றுமே நடக்கவில்லை.
"சும்மா இருக்கிறதுதான்யா கஷ்டம்."

எதிர் மேசையில் மருந்தடிக்கும் டிரோன்காரர்கள்.
கோட்டூர் தையல்நாயகி, கூத்தாநல்லூர் ஜபருல்லா,
இன்னும் நாலு பேர்.
கற்பனை வயல், கற்பனைக் கதிர்நாவாய்ப்பூச்சி.
விண்ணப்பத்தை மட்டும்
அவரவர் ஊரிலிருந்து, அவரவர் போனிலிருந்து
முதல்நாள் ராத்திரியே நிஜமாக அனுப்பியிருந்தார்கள்.
முந்தியவருக்கு முதலிடம் என்பது விதி.
நியாயம்தானே என்று
அதை எழுதியவனும் நான்தான்.

இரண்டாம் நாள், நான்காம் ஓட்டம்.
வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு
ஒரு ஹெலிகாப்டரைச் சொல்லாமல் நுழைத்தோம்.
எல்லா டிரோனும் நின்ற இடத்திலேயே நில் என்றது அமைப்பு.
நாற்பத்தொரு புள்ளி
மூச்சைப் பிடித்துக்கொண்டது.
ஹெலிகாப்டர் கடந்தது.
மோதல்: பூஜ்யம். மீறல்: ஒன்று.

தையல்நாயகி இறக்கிவிட்டிருந்தாள்.
"நாப்பது செகண்டு பேட்டரி சார். நின்னா விழும்."
"பத்திரமா இறங்குச்சுல்ல?"
"கதிர் மேல இறங்குச்சு.
உங்க படத்துல வரப்பே இல்லியே,
எல்லாம் ஒரே பச்சை."

என் அட்டவணையில் ஒன்பது கட்டம்.
நெல்லுக்கு ஒன்றில்லை.

அவள் கேட்க வந்தது வேறு.
"ரெண்டு நாளா பாக்கறேன்.
எனக்கு மட்டும் ஏன் பத்து மணிக்கு மேலயே முறை வருது?"
பதிவைப் பின்னோக்கி உருட்டினோம்.
கோட்டூரில் சிக்னல் ஒரு கோடு.
அவள் விண்ணப்பம் வந்து சேர்வதற்குள்
ஆறு மணிக் காற்று, ஏழு மணிக் காற்று எல்லாம்
டவுனை ஒட்டியவர்கள் எடுத்தாயிற்று.
பத்துக்குமேல் கடற்காற்று கிளம்பிவிடும்.
தன் வயலுக்கு அடித்த மருந்து
அடுத்தவன் வயலுக்குப் போகும்.

"ஆத்துத் தண்ணி கடைசியாத்தான் வரும் எங்களுக்கு.
காத்துமா?"

அந்த நிமிடத்தில் அமலதாஸ்
எந்த எண்ணை அமுக்கினார் என்று பிறகு தேடினேன்.
காலிக் கட்டம்.

ராத்திரி லாட்ஜில் விதியை அழித்தேன்.
முறை வைத்து விடுவது; கடைமடை முதலில்.
மூன்றாம் நாள் ஓட்டிப் பார்த்ததில்
சராசரித் தாமதம் பதினாறு சதம் ஏறியது.
மோதல் அதே பூஜ்யம்.
தன் முறை ஒன்பதுக்குத் தள்ளிப்போனதில்
ஜபருல்லா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.
ஹெலிகாப்டருக்கு இன்னும் விடை இல்லை.

ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், கைவிடலாம்:
அறிக்கையில் ஒன்றை வட்டமிட வேண்டும்.
அதற்குள் வாசலில் வாழைமரம் கட்ட ஆள் வந்துவிட்டது.
நாளைக்கு நிச்சயதார்த்தமாம்.
பத்து வருடம் கழித்து வரும் காலையை
மண்டபக்காரர் அவிழ்த்து, உதறி,
தோளில் போட்டுக்கொண்டார்.

பதிப்பு 0.7 என்று பெயர் மாற்றினேன்.
பத்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து
வரப்பு என்று எழுதினேன்.
பக்கத்தில் அலகு கேட்டது கணினி.
அடியா, ரூபாயா, மரக்காலா?
கேட்கலாம் என்று வெளியே ஓடினால்
கோட்டூர் பஸ் போய்விட்டது.